மார்லோவின் 'டாக்டர் ஃபாஸ்டஸ்': மாணவர்களுக்கு ஓர் அறிமுகமும் திறனாய்வும்

'டாக்டர் ஃபாஸ்டஸ்' ஆங்கில நாடகாசிரியர் கிறிஸ்டோபர் மார்லோ (1564–1593) எழுதிய துன்பியல் நாடகம். இருபத்து நான்கு ஆண்டுகள் வேண்டியதை எல்லாம் அனுபவிக்கலாம் என்ற வாக்குறுதிக்காகத் தன் ஆன்மாவைச் சாத்தானுக்கு எழுதிக் கொடுத்த ஓர் அறிஞனின் கதை இது. மறுமலர்ச்சிக் கால ஆங்கில நாடகங்களில் ஷேக்ஸ்பியர் எழுதாதவற்றுள் இன்றுவரை அதிகம் படிக்கப்படுவதும் நடிக்கப்படுவதும் இதுவே எனலாம். நம் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர் பலருக்கும் இது பாடநூல்.

தேர்வு வழிகாட்டி நூல்கள் இந்நாடகத்தை இரண்டு வாய்பாடுகளில் அடக்கிவிடுகின்றன. 'பேராசை பெருநட்டம் என்பதே நாடகத்தின் நீதி' என்பது ஒன்று. 'எல்லையற்ற அறிவுத் தாகம் கொண்ட மறுமலர்ச்சி மனிதனின் வீழ்ச்சி' என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் நாடகத்தை வரிவரியாகப் படிக்கும் மாணவருக்கு இரண்டுமே போதாது என்பது விளங்கும். எப்படிப் போதாது என்று காட்டுவதும், நாடகத்தைத் தாமே படிக்க மாணவர்களைத் தூண்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

ஆசிரியரும் காலமும்

மார்லோ இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகன். 1564 பிப்ரவரி 26 அன்று அவருக்கு ஞானஸ்நானம் அளிக்கப்பட்டது. ஷேக்ஸ்பியர் பிறந்ததும் அதே ஆண்டில்தான். கேன்டர்பரியில் உள்ள கிங்ஸ் பள்ளியில் படித்து, உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் சேர்ந்தார். சமய ஊழியத்துக்குச் செல்லக்கூடிய மாணவர்களை மனத்தில் கொண்டு ஏற்படுத்தப்பட்ட உதவித்தொகை அது. மார்லோ போதகராகவில்லை. 1587இல் முதுகலைப் பட்டம் பெற்று இலண்டன் நாடக மேடைக்கு வந்தார். 1593 மே 30 அன்று டெப்ட்ஃபர்ட் என்னும் ஊரில் ஒரு சச்சரவில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 29.

இறையியல் படித்துவிட்டு அதைக் கைவிட்ட ஒருவர், இறையியலைக் கைவிடும் ஓர் அறிஞனைப் பற்றி நாடகம் எழுதியிருக்கிறார். இந்த ஒற்றுமை கவனிக்கத்தக்கது. ஆனால் ஃபாஸ்டஸும் மார்லோவும் ஒருவரே என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நாடகத்தில் ஃபாஸ்டஸைக் கடுமையாக அம்பலப்படுத்துபவரும் மார்லோவே.

கதை மார்லோவின் கற்பனை அன்று. பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மனியில் ஃபாஸ்ட் என்ற பெயரில் மந்திரவாதி ஒருவர் உண்மையிலேயே வாழ்ந்தார். அவரைச் சுற்றி எழுந்த கதைகள் 1587இல் பிராங்க்பர்ட்டில் ஒரு நூலாக அச்சாயின. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பே மார்லோவுக்கு மூலம். அம்மொழிபெயர்ப்பின் கிடைக்கும் பதிப்பு 1592ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதனால் நாடகம் எழுதப்பட்டது 1588–89 அளவிலா, 1592 அளவிலா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது.

நாடக அரங்க முதலாளி பிலிப் ஹென்ஸ்லோவின் கணக்குப் புத்தகத்தில், 1594 செப்டம்பர் 30 அன்று இந்நாடகம் நடந்ததும் அவருக்கு 3 பவுன் 12 ஷில்லிங் வரவு வந்ததும் பதிவாகியுள்ளன. ஃபாஸ்டஸாக நடித்துப் புகழ்பெற்றவர் எட்வர்ட் ஆலன். 1598ஆம் ஆண்டு அரங்கப் பொருள்களின் பட்டியலில் நாடகத்துக்குரிய ஒரு பறவை நாகமும், நரகத்தின் வாய் எனப்படும் மேடைப் பொருளும் இடம்பெற்றுள்ளன. அன்றைய மக்கள் இந்நாடகத்துக்குத் திரண்டதற்குத் தத்துவம் மட்டும் காரணமன்று. வாணவேடிக்கையும் பேய்களும் காரணம்.

கதைச் சுருக்கம்

ஜெர்மனியில் ஏழைப் பெற்றோருக்குப் பிறந்த ஃபாஸ்டஸ் விட்டன்பெர்க் பல்கலைக்கழகத்தில் படித்து இறையியலில் டாக்டர் பட்டம் பெறுகிறான். தருக்கம், மருத்துவம், சட்டம், இறையியல் ஆகிய நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒதுக்கிவிட்டு மந்திரவித்தையைத் தேர்ந்தெடுக்கிறான். மெஃபிஸ்டோஃபிலிஸ் என்னும் பேயை வரவழைக்கிறான். அதன் தலைவன் லூசிஃபருக்குத் தன் ஆன்மாவைத் தருவதாகத் தன் இரத்தத்தாலேயே பத்திரம் எழுதுகிறான். அதற்கு ஈடாக இருபத்து நான்கு ஆண்டுகள் மெஃபிஸ்டோஃபிலிஸ் அவனுக்குப் பணிவிடை செய்ய வேண்டும்.

பிறகு உலகைச் சுற்றுகிறான். ரோமாபுரியில் போப்பாண்டவரின் விருந்தைக் குலைக்கிறான். ஐந்தாம் சார்லஸ் பேரரசர் முன் மாவீரன் அலெக்சாண்டரின் உருவத்தை வரவழைக்கிறான். ஒரு குதிரை வியாபாரியை ஏமாற்றுகிறான். கருவுற்ற ஒரு சீமாட்டிக்குக் குளிர்காலத்தில் திராட்சை தருவிக்கிறான். நல்ல தேவதையும் தீய தேவதையும் அவ்வப்போது வந்து இருபுறமும் இழுக்கின்றன. கடைசியில் ஒரு முதியவர் வந்து மனந்திரும்பச் சொல்கிறார். ஃபாஸ்டஸ் தயங்கி, மீண்டும் சாத்தானிடமே சரணடைந்து, டிராய் நகரத்து அழகி ஹெலனைக் கேட்கிறான். கெடு முடியும் இரவில் பேய்கள் வந்து அவனைக் கொண்டுசெல்கின்றன.

முதற்காட்சி: பாதி படித்த பக்கம்

நாடகத்தின் திறவுகோல் முதற்காட்சியில் இருக்கிறது. ஃபாஸ்டஸ் தன் படிப்பறையில் தனியே அமர்ந்து ஒவ்வொரு நூலாக எடுத்துப் பார்த்து ஒதுக்குகிறான். நன்றாக வாதிடுவதுதான் தருக்கத்தின் பயன் என்றால் அது எனக்கு ஏற்கெனவே வந்துவிட்டது என்கிறான். மருத்துவத்தால் நோயைத் தீர்க்க முடிகிறது, இறந்தவரை எழுப்ப முடியவில்லையே என்கிறான். சட்டம் அற்பமான சொத்துத் தகராறுகளுக்கு உரியது என்கிறான். இறுதியாக வேதாகமத்தை எடுக்கிறான்.

அங்கே அவன் இரண்டு வசனங்களைப் படிக்கிறான். பாவத்துக்குக் கிடைக்கும் கூலி மரணம் என்பது ஒன்று. நம்மிடம் பாவமே இல்லை என்று சொன்னால் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம் என்பது மற்றொன்று. இரண்டையும் சேர்த்து ஒரு முடிவுக்கு வருகிறான்: மனிதர் பாவம் செய்தே தீருவர், ஆகவே செத்தே தீருவர். நடப்பது நடக்கட்டும் என்று நூலை மூடிவிடுகிறான்.

முதல் வசனம் உரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தில் ஆறாம் அதிகாரத்தில் வருகிறது. அவ்வசனத்தின் பிற்பாதி, கடவுள் அருளும் கொடை நித்திய வாழ்வு என்கிறது. இரண்டாவது யோவானின் முதல் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் வருகிறது. அதற்கு அடுத்த வசனம், பாவத்தை அறிக்கையிட்டால் மன்னிப்பு உண்டு என்கிறது. இரண்டு இடத்திலும் தண்டனையைச் சொல்லும் பாதியை ஃபாஸ்டஸ் படிக்கிறான். மன்னிப்பைச் சொல்லும் பாதிக்கு முன்பே நிறுத்திவிடுகிறான். ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குச் சென்று இவ்வசனங்களைக் கேட்டுப் பழகிய அன்றைய பார்வையாளர் பலருக்கு இந்த விடுபாடு தெரிந்திருக்கும். இறையியலில் டாக்டர் பட்டம் பெற்றவனுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் வேண்டாமென்று விட்டான்.

இங்கேதான் 'அறிவுத் தாகம்' என்ற வாய்பாடு தடுமாறுகிறது. தாகம் உள்ளவன் நூலை இறுதிவரை படிப்பான். ஃபாஸ்டஸோ ஒவ்வொரு துறையிலும் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அதுவே அத்துறையின் முடிவு என்று தீர்த்துவிடுகிறான். அவனிடம் திறமை நிறைய இருக்கிறது, பொறுமை இல்லை. அறிந்துகொள்வதைக் காட்டிலும் அறிந்து முடித்துவிட்டதாக அறிவிப்பதில்தான் அவனுக்கு ஆர்வம். நாற்பது நூல்களின் முன்னுரையை மட்டும் படித்துவிட்டு நாற்பதையும் பற்றிப் பேசுபவர்களை நாம் எல்லாக் காலத்திலும் கண்டிருக்கிறோம்.

மெஃபிஸ்டோஃபிலிஸ் சொன்ன உண்மைகள்

பேய் என்றால் ஏமாற்றும், ஆசை காட்டும், பொய் சொல்லும் என்று எதிர்பார்த்துப் படிக்கும் மாணவருக்கு மெஃபிஸ்டோஃபிலிஸ் வியப்பளிக்கும் பாத்திரம். முதல் சந்திப்பிலேயே அது உண்மையைச் சொல்கிறது. உன் மந்திரத்தால் நான் வரவில்லை என்கிறது. ஒருவன் கடவுளைப் பழித்தால் அவன் ஆன்மாவைப் பிடிக்கலாம் என்று பேய்கள் தாமாகவே ஓடிவருவதுண்டு, அப்படித்தான் வந்தேன் என்கிறது. நரகத்தில் இருக்க வேண்டிய நீ எப்படி வெளியே வந்தாய் என்று ஃபாஸ்டஸ் கேட்கும்போது, கடவுளின் முகத்தைக் கண்டு இன்புற்ற தனக்கு அதை இழந்து நிற்கும் இடமெல்லாம் நரகமே என்று பதில் தருகிறது. இந்த வீண் கேள்விகளை விட்டுவிடு, என் உள்ளம் நடுங்குகிறது என்றும் சொல்கிறது.

ஆன்மாவை வாங்க வந்தவனே 'வாங்காதே' என்று எச்சரிப்பது போன்ற இடம் இது. ஃபாஸ்டஸ் என்ன செய்கிறான்? ஆண்மையோடு தாங்கிக்கொள்ளத் தன்னிடம் கற்றுக்கொள்ளுமாறு அந்தப் பேய்க்கே ஆறுதல் சொல்கிறான். பத்திரம் எழுதிய பிறகோ நரகம் என்பதே கட்டுக்கதை என்கிறான். நரகத்திலிருந்து வந்த ஒன்றிடமே நரகம் இல்லை என்று வாதிடுகிறான். நகைச்சுவையும் அச்சமும் ஒன்றாகக் கலந்த இடம் இது. மார்லோவின் ஆற்றலுக்கு இக்காட்சி ஒன்றே போதும்.

பத்திரம் எழுதும் காட்சியிலும் எச்சரிக்கைகள் நிற்கவில்லை. இரத்தம் உறைந்து எழுத மறுக்கிறது. நெருப்பு கொண்டுவந்து அதை இளக்க வேண்டியிருக்கிறது. எழுதி முடித்ததும் தப்பி ஓடு என்ற பொருள்படும் இலத்தீன் சொற்கள் அவன் கையில் தோன்றுகின்றன. அந்நேரத்தில் ஃபாஸ்டஸ் சொல்லும் சொல், சிலுவையில் இயேசு கூறியதாக யோவான் நற்செய்தி தரும் இறுதிச் சொல்: எல்லாம் நிறைவேறியது என்பது. மீட்பின் சொல்லை எடுத்து விற்பனைப் பத்திரத்தின் முத்திரையாக வைக்கிறான். இங்கும் அதே பழக்கம்தான். வேதாகமத்தின் சொல் அவனுக்குத் தெரியும், அதன் பொருள் அவனைத் தொடவில்லை.

ஆன்மாவைக் கொடுத்து அவன் வாங்கிய அறிவுதான் என்ன? வானியல் பற்றி மெஃபிஸ்டோஃபிலிஸிடம் கேட்கிறான். கிடைத்த பதில்களைக் கேட்டு, இவற்றை என் வேலைக்காரன் வாக்னரே சொல்லிவிடுவானே என்று சலித்துக்கொள்கிறான். உலகைப் படைத்தவர் யார் என்று கேட்கிறான். அதற்குப் பதில் சொல்ல முடியாது என்று பேய் மறுத்துவிடுகிறது. ஆக, பத்திரம் எழுதுமுன் இலவசமாகக் கிடைத்த உண்மையை அவன் ஏற்கவில்லை. எழுதிய பின் விலை கொடுத்தும் புதிய உண்மை எதுவும் கிடைக்கவில்லை.

நடுப்பகுதி: குறையா, நோக்கமா?

இந்நாடகத்தைப் பற்றி எப்போதும் எழும் குற்றச்சாட்டு, தொடக்கமும் முடிவும் சிறப்பு, நடுப்பகுதி வெறும் கோமாளித்தனம் என்பது. போப்பாண்டவரின் தட்டைப் பிடுங்குவது, ஒரு வீரனின் தலையில் கொம்பு முளைக்கவைப்பது, நாற்பது டாலருக்கு விற்ற குதிரை தண்ணீரில் இறங்கியதும் வைக்கோலாக மாறுவது ஆகியவை துன்பியல் நாடகத்துக்கு ஏற்றவையா என்று கேட்கிறார்கள்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மறுமொழி, வீழ்ச்சியைக் காட்டவே மார்லோ இப்படி அமைத்தார் என்பது. இதை ஓரளவு ஏற்கலாம். தொடக்கத்தில் ஃபாஸ்டஸின் திட்டங்களைப் பாருங்கள். ஜெர்மனியைச் சுற்றி வெண்கலச் சுவர் எழுப்புவேன், பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பட்டாடை அணிவிப்பேன், அந்நியப் படைகளைத் துரத்துவேன் என்கிறான். இவற்றில் ஒன்றுகூட நடக்கவில்லை. பேரரசராக நினைத்தவன் பேரரசரின் அவையில் வித்தை காட்டுகிறான். ராபின் என்னும் குதிரைக்கார வேலையாள் ஒரு மந்திரப் புத்தகத்தைத் திருடிப் பேயை வரவழைத்து மாட்டிக்கொள்ளும் காட்சி, ஃபாஸ்டஸின் கதையையே சிறிய கண்ணாடியில் காட்டுகிறது. கற்றவனும் கல்லாதவனும் ஒரே பேயிடம் ஒரே வகை அற்பங்களையே கேட்கிறார்கள்.

பேரரசர் முன் நடக்கும் காட்சிக்கு இன்னொரு பயனும் உண்டு. அலெக்சாண்டரை வரவழைக்குமுன் ஃபாஸ்டஸ் தெளிவாகச் சொல்கிறான்: மண்ணாகிப்போன உடலைக் கொண்டுவர என்னால் ஆகாது, அவர் உருவம் தாங்கிய ஆவிகளே வரும் என்று. இதை நினைவில் வைத்துக்கொண்டு ஹெலன் காட்சிக்கு வாருங்கள். அவளை முத்தமிட்டு, அந்த உதடுகளில் சொர்க்கம் இருக்கிறது என்று அவன் உருகும்போது, அவள் ஹெலன் அல்லள், ஹெலன் உருவம் தாங்கிய ஆவி என்பது பார்வையாளருக்குத் தெரியும். சொன்னவனே மறந்துவிட்டான். ஆங்கிலக் கவிதையில் அழகைப் புகழும் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று, இல்லாத ஒருத்தியை நோக்கிச் சொல்லப்படுகிறது. நடுப்பகுதியைத் தாண்டிச் சென்றுவிடும் மாணவர் இந்தச் சோகத்தைத் தவறவிடுவார்.

ஆனாலும் நடுப்பகுதி முழுவதையும் இப்படி நியாயப்படுத்திவிட முடியாது. சில காட்சிகள் உண்மையிலேயே பலவீனமானவை. அவற்றை எல்லாம் மார்லோவே எழுதினார் என்றும் சொல்வதற்கில்லை. காரணம், நமக்குக் கிடைப்பது ஒரு நாடகம் அன்று, இரண்டு.

இரு பாடங்கள், இரு நாடகங்கள்

நாடகம் மார்லோ இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே அச்சாயிற்று. 1604ஆம் ஆண்டுப் பதிப்பை 'ஏ பாடம்' என்றும் 1616ஆம் ஆண்டுப் பதிப்பை 'பி பாடம்' என்றும் அழைப்பர். முதலாவது ஏறத்தாழ 1,500 அடிகள் கொண்டது. இரண்டாவது 2,100 அடிகளுக்கும் மேல். 1602இல் இந்நாடகத்துக்குச் சேர்க்கைகள் எழுதியதற்காக வில்லியம் பேர்ட், சாமுவேல் ரோலி ஆகிய இருவருக்கு 4 பவுன் கொடுத்ததாக ஹென்ஸ்லோவின் கணக்கில் உள்ளது. 1606இல் மேடையில் கடவுளின் பெயரை வீணாக உச்சரிப்பதைத் தடைசெய்யும் சட்டமும் வந்தது. இவற்றின் தடயங்கள் பி பாடத்தில் தெரிகின்றன. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் டபிள்யூ. டபிள்யூ. கிரெக் பி பாடத்தை மேலானதாகக் கருதினார். பின்வந்தவர்கள் பலர் ஏ பாடத்தின் பக்கம் சாய்ந்தனர். 1993இல் பெவிங்டனும் ராஸ்முசனும் இரண்டையும் தனித்தனி நாடகங்களாகவே பதிப்பித்தனர்.

பாடபேதம் என்பது தமிழ் மாணவருக்குப் புதிதன்று. சுவடிகளில் ஒரு சொல் மாறினால் ஒரு பாட்டின் பொருளே மாறுவதை நாம் அறிவோம். இங்கும் அப்படியே.

ஃபாஸ்டஸ் மனந்திரும்பலாமா என்று தவிக்கும்போது நல்ல தேவதை, காலம் ஒருபோதும் கடந்துவிடவில்லை என்கிறது. அதனோடு ஒரு நிபந்தனையும் சேர்க்கிறது. ஏ பாடத்தில் அந்த நிபந்தனை, மனந்திரும்ப 'முடிந்தால்' என்ற பொருளில் அமைகிறது. பி பாடத்தில் மனந்திரும்ப 'மனம் வைத்தால்' என்ற பொருளில் அமைகிறது. ஆங்கிலத்தில் ஒரே ஒரு துணைவினைதான் வேறுபாடு. முதலாவது சொல், அவனால் அது இயலுமா என்ற ஐயத்தை எழுப்புகிறது. யார் மீட்கப்படுவர், யார் தள்ளப்படுவர் என்று கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்னும் கால்வினின் கோட்பாடு கேம்பிரிட்ஜில் செல்வாக்குப் பெற்றிருந்த காலம் அது. இரண்டாவது சொல் பொறுப்பை முழுவதும் அவன் தலையிலேயே வைக்கிறது.

இன்னொரு வேறுபாடு இதற்கு நேர்மாறாகச் செல்கிறது. பி பாடத்தின் இறுதியில் மெஃபிஸ்டோஃபிலிஸ், நீ வேதாகமத்தை எடுத்தபோது பக்கங்களைப் புரட்டி உன் கண்ணை நடத்தியது நான்தான் என்று சொல்லி மகிழ்கிறது. முதற்காட்சியில் நாம் கண்ட பாதிப் படிப்புக்கு இப்போது வேறொரு காரணம் கிடைத்துவிடுகிறது. அவனாக நிறுத்தவில்லை, பேய் நிறுத்தவைத்தது. ஏ பாடத்தில் இந்தப் பகுதி இல்லை. அங்கே அறையில் அவனும் நூலும் மட்டுமே.

இதனால் நான் முதலில் படிக்க ஏ பாடத்தையே பரிந்துரைப்பேன். பக்கத்தைப் புரட்டியது பேய் என்றால் ஃபாஸ்டஸ் சூழ்ச்சிக்கு இரையானவன். அவன்மீது இரக்கம் கொள்ளலாம், அவ்வளவுதான். பக்கத்தை மூடியது அவனுடைய கையே என்றால், நாம் ஒவ்வொருவரும் நம் கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எந்தக் கணத்தில் காலம் கடந்தது?

வகுப்பில் இந்நாடகத்தை விளக்கும்போது மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: 'கடைசியில் கடவுளைக் கூப்பிடுகிறானே, ஏன் மன்னிப்புக் கிடைக்கவில்லை?' நியாயமான கேள்வி. நாடகத்தின் உயிர்நாடியும் இதுவே.

பத்திரத்தில் கையெழுத்திட்ட கணமே எல்லாம் முடிந்தது என்பார் சிலர். அப்படியானால் அதன் பின்னும் நல்ல தேவதையும் முதியவரும் வருவதற்குப் பொருள் இல்லை. ஹெலன் உருவில் வந்த பேயோடு கூடியதே மீள முடியாத பாவம் என்று கிரெக் 1946இல் எழுதிய கட்டுரையில் வாதிட்டார். அதுவும் முழு விடையாகத் தோன்றவில்லை. அதற்குப் பின்னும் ஃபாஸ்டஸ் வானத்தைப் பார்த்துக் கதறத்தான் செய்கிறான்.

நடுவில் ஒரு காட்சியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஃபாஸ்டஸ் மனம் நொந்து, தன் ஆன்மாவைக் காக்கும்படி கிறிஸ்துவை அழைக்கிறான். அடுத்த நொடி மேடையில் தோன்றுவது லூசிஃபர். அழைத்தது ஒருவரை, வந்தது மற்றொருவர். அச்சத்தில் உறைந்த ஃபாஸ்டஸ் உடனே மன்னிப்புக் கேட்கிறான், ஆனால் லூசிஃபரிடம். அவனை மகிழ்விக்க ஏழு பாவங்களின் அணிவகுப்பு ஒன்றை லூசிஃபர் காட்டுகிறான். அதைக் கண்டு ஃபாஸ்டஸ் உள்ளம் குளிர்கிறான். சற்றுமுன் இருந்த தவிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

முதியவர் காட்சியிலும் இதே அமைப்பு. முதியவரின் சொல்லால் உள்ளம் உடைந்த ஃபாஸ்டஸுக்கு மெஃபிஸ்டோஃபிலிஸ் தற்கொலைக்கு ஒரு குத்துவாளை நீட்டுகிறது. முதியவர் தடுக்கிறார். அவர் சென்றதும், உடலைக் கிழித்துவிடுவேன் என்று பேய் மிரட்டுகிறது. உடனே ஃபாஸ்டஸ் மீண்டும் இரத்தத்தால் உறுதி எழுதுகிறான். அத்தோடு நிற்கவில்லை, தனக்கு நல்லது சொன்ன முதியவரையே வதைக்கும்படி கேட்கிறான். அவர் உடலைத் துன்புறுத்தலாம், ஆன்மாவைத் தொட முடியாது என்று பேயே ஒப்புக்கொள்கிறது. பேய்க்கும் எல்லை உண்டு என்று ஃபாஸ்டஸ் காதாலேயே கேட்கிறான். கேட்டும் அது அவனுக்கு உறைக்கவில்லை. அடுத்து அவன் கேட்பது ஹெலனை.

ஆகவே ஒரே ஒரு கணத்தைச் சுட்டிக்காட்ட முடியாது என்பதே என் கருத்து. உடல் வலிக்கு அஞ்சுவதும், ஒரு காட்சியில் மயங்கித் தவிப்பை மறப்பதும் ஒவ்வொரு முறையும் திரும்ப வருகின்றன. இருபத்து நான்கு ஆண்டுகளில் அது பழக்கமாகிவிட்டது. கதவு பூட்டப்பட்டதா, நடந்து பழகாததால் கால் மரத்துப்போனதா என்று நாடகம் நமக்குச் சொல்வதில்லை. மாணவர்கள் கேட்கும் அந்தக் கேள்விக்கு மார்லோவும் விடையை எழுதி வைக்கவில்லை. அதுவே இந்நாடகத்தை வெறும் நீதிக்கதை ஆகாமல் காக்கிறது.

இறுதி ஒரு மணி நேரம்

இரவு பதினொரு மணி அடிக்கிறது. மேடையில் ஃபாஸ்டஸ் மட்டும். பன்னிரண்டு அடிக்கும்வரை அவன் பேசுவதுதான் ஆங்கில நாடகத்தின் புகழ்பெற்ற தனிமொழிகளுள் ஒன்று.

மார்லோ பயன்படுத்தும் யாப்பு, ஆங்கிலத்தில் 'பிளாங்க் வெர்ஸ்' எனப்படும் இயைபில்லாச் செய்யுள். இலண்டன் பொது மேடையில் அதற்குக் கம்பீரம் தந்தவர்களுள் அவரே முதன்மையானவர். 1891இல் வெளிவந்த 'மனோன்மணீயம்' நாடகத்தில் பெ. சுந்தரம் பிள்ளை ஆசிரியப்பாவைக் கையாண்டதை நினைத்துக்கொண்டால், பேச்சுக்கு நெருங்கிய ஒரு யாப்பு நாடகத்துக்கு எவ்வளவு உதவும் என்பது விளங்கும். ஆனால் இந்தத் தனிமொழியில் மார்லோ தம் கம்பீரமான அடிகளைத் தாமே உடைக்கிறார். வாக்கியங்கள் பாதியில் முறிகின்றன. கட்டளை, கெஞ்சல், கேள்வி, சாபம் எல்லாம் மாறிமாறி வருகின்றன. முதல் அரைமணிக்கு உரிய அடிகளைவிட இரண்டாவது அரைமணிக்கு உரிய அடிகள் குறைவு. பார்வையாளர் காதிலும் நேரம் வேகமாக ஓடுகிறது.

நேரம் நிற்க வேண்டும் என்று கெஞ்சும்போது ஃபாஸ்டஸ் ஓர் இலத்தீன் அடியைச் சொல்கிறான். இரவின் குதிரைகள் மெல்ல ஓட வேண்டும் என்பது அதன் கருத்து. அது உரோமானியக் கவிஞர் ஓவிடின் காதல் கவிதையிலிருந்து வருவது. காதலியின் அணைப்பில் இருப்பவன் விடியல் வரக் கூடாதென்று வேண்டும் இடம் அது. அக்கவிதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் மார்லோவே. இன்பத்தை நீட்டிக்கச் சொல்லப்பட்ட சொல் இங்கே நரகத்தைத் தள்ளிப்போடச் சொல்லப்படுகிறது. கற்றதெல்லாம் கடைசி நேரத்திலும் நாவில் இருக்கிறது, ஒன்றும் கைகொடுக்கவில்லை.

வானத்தில் கிறிஸ்துவின் இரத்தம் ஓடுவதைக் காண்பதாகவும், அதில் ஒரு துளி போதும் என்றும் ஃபாஸ்டஸ் ஏ பாடத்தில் கதறுகிறான். அந்த இரத்தம் ஓடும் காட்சியைச் சொல்லும் அடி பி பாடத்தில் இல்லை. பி பாடத்தில் லூசிஃபரும் துணைவர்களும் இக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மறுநாள் காலையில் மாணவர்கள் வந்து அவன் சிதைந்த உடலைக் காணும் காட்சியும் சேர்க்கப்பட்டுள்ளது. ஏ பாடத்தில் இவை இல்லை. கடைசியாகத் தன் நூல்களை எரித்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டே போகிறான். எந்த நூல்கள்? மந்திர நூல்களா, எல்லா நூல்களுமா? இதுவும் நம் கேள்விக்கே விடப்படுகிறது.

தமிழ் மாணவர் கவனிக்க வேண்டிய ஒன்று

'ஹெல்' என்பதை நாம் 'நரகம்' என்று மொழிபெயர்க்கிறோம். வேறு சொல் இல்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நம் புராண மரபில் நரகம் என்பது வினைக்கு ஏற்ற காலம் வரை தங்கித் துன்புறும் இடம். வினை கழிந்தால் மறுபிறவி உண்டு. ஃபாஸ்டஸின் நரகத்துக்கு முடிவே இல்லை. தனிமொழியின் நடுவே அவன், ஆயிரம் ஆண்டு, நூறாயிரம் ஆண்டு வேண்டுமானாலும் நரகில் இருக்கிறேன், இறுதியில் மீட்பு கிடைக்கட்டும் என்று கெஞ்சுகிறான். கிடையாது என்று அவனே பதிலும் சொல்லிக்கொள்கிறான். அடுத்து, கிரேக்க அறிஞர் பித்தாகரஸ் சொன்ன மறுபிறப்புக் கொள்கை உண்மையாக இருந்தால் நான் ஏதேனும் ஒரு விலங்காகப் பிறந்துவிடுவேனே, விலங்குகள் பாக்கியசாலிகள் என்று ஏங்குகிறான்.

பிறவிப் பெருங்கடல் என்று பிறவியிலிருந்து விடுபட வேண்டும் நம் மரபில் வந்த வாசகர், மறுபிறவி கிடைக்காதா என்று ஒருவன் கதறுவதை இங்கே கேட்கிறார். அவன் அச்சத்தின் அளவை இதைவிடத் தெளிவாக நமக்கு உணர்த்தும் இடம் நாடகத்தில் இல்லை. குறிப்புரை இல்லாமல் 'நரகம்' என்ற சொல்லோடு கடந்துபோனால் இது புலப்படாது.

பிற்கால வாழ்வு

ஆங்கில நாடகக் குழுக்கள் ஐரோப்பாவில் சுற்றியபோது இந்நாடகமும் சென்றது. பிறகு ஜெர்மனியில் அது பொம்மலாட்டமாகவும் மாறியது. சிறுவயதில் அத்தகைய பொம்மலாட்டத்தை அறிந்திருந்த கெத்தே தம் 'ஃபாஸ்ட்' நாடகத்தின் முதற்பகுதியை 1808இல் வெளியிட்டார். இரண்டாம் பகுதி அவர் மறைவுக்குப் பின் 1832இல் வந்தது. கெத்தேயின் ஃபாஸ்ட் இறுதியில் மீட்கப்படுகிறான். ஓயாது முயல்வதே அவனுக்கு மீட்பின் வழியாகிறது. மார்லோவின் ஃபாஸ்டஸோ முயற்சியை இடையிலேயே விட்டவன். தேர்வில் இருவரையும் ஒப்பிடும் மாணவர்கள் இந்த அடிப்படை வேறுபாட்டை முதலில் குறித்துக்கொள்வது நல்லது.

எப்படிப் படிப்பது?

முதன்முறை படிப்பவர்களுக்குச் சில யோசனைகள். உங்கள் கையில் உள்ள பதிப்பு எந்தப் பாடம் என்று முன்னுரையில் பார்த்துக்கொள்ளுங்கள். உரைநடைச் சுருக்கத்தைப் படிக்குமுன் முதற்காட்சியின் தனிமொழியையும் இறுதித் தனிமொழியையும் வாய்விட்டுப் படியுங்கள். கடினச் சொற்கள் இருந்தாலும் ஓசை வழிகாட்டும். ஃபாஸ்டஸ் தன்னைத் தன் பெயரால் அழைத்துப் பேசும் இடங்களை எண்ணிக் குறியுங்கள். தன்னையே தூரத்தில் நிறுத்திப் பார்க்கும் பழக்கம் அது. அவனுக்கு யாரேனும் உண்மை சொல்லும் ஒவ்வோர் இடத்தையும் கோடிடுங்கள். பேய், தேவதை, முதியவர், அவன் கையில் தோன்றிய எழுத்து, உறைந்த இரத்தம் என்று பட்டியல் நீளும். அறிவு அவனுக்கு மறுக்கப்படவே இல்லை என்பது அப்போது தெரியவரும்.

கல்வியே இத்துன்பியலின் களம். நாயகன் அரசனோ தளபதியோ அல்லன். ஏழை வீட்டிலிருந்து படித்து முன்னேறிய ஒரு டாக்டர். அவன் மாணவர்கள் அவனை உண்மையிலேயே நேசிக்கிறார்கள். கடைசி இரவில், அடுத்த அறையில் அமர்ந்து அவனுக்காக வேண்டிக்கொள்கிறார்கள். அவன் செய்தது இன்னதென்று முன்பே சொல்லியிருந்தால் வேண்டியிருப்போமே என்று வருந்துகிறார்கள். இத்தனை நூல்களைப் படித்தவனுக்கு அருகில் இருந்த மனிதர்களிடம் மனம் திறக்கத் தெரியவில்லை. வேதாகமத்தின் பக்கத்தைப் பாதியில் மூடியதைப் போலவே இதையும் அவன் கடைசி நாள்வரை மூடியே வைத்திருந்தான்.